ஒரே ஆலை, ஒரே எஞ்சின்: க்விட் நிலைத்தது, டட்சன் ஏன் நிலைக்கவில்லை?

ஒரகடம் வாசு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நிபுணர்களிடம் மட்டும் இல்லை, கார் வாங்கியவர்கள், வாங்கப் போய்த் திரும்பி வந்தவர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன்.

என்னிடம் 2017-இல் வாங்கிய ரெடி-கோ இருக்கிறது, நிஸான் கம்பெனி டட்சன் என்ற தனிப் பெயரில் விற்ற சின்னக் கார். படப்பை, ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபாத் என்று தினமும் ஓடுகிற வண்டி. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே நிறுத்தினாலும் "இது என்ன வண்டி சார்?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அந்தக் கம்பெனியே போயிடுச்சே, இன்னுமா வெச்சிருக்கீங்க?"

டெலிவரி எடுத்த அன்றே வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போட்டோம். பக்கத்தில் ரெனால்ட்டின் க்விட் ஒன்று, அதற்கும் அன்றுதான் பூஜை. குருக்கள் இரண்டுக்கும் ஒரே தட்டில் கற்பூரம் காட்டினார். இரண்டும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ரெனால்ட்டும் நிஸானும் கூட்டாக நடத்திய ஒரே ஒரகடம் ஆலையில் பிறந்தவை. ஒரே சிஎம்எஃப்-ஏ தளம் (வண்டியின் அடிக்கட்டமைப்பு), ஒரே 799 சிசி எஞ்சின், சக்கரத்துக்கு மூன்றே மூன்று போல்ட் என்பதுகூட ஒன்றுதான். கோயிலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் க்விட்டைச் சுற்றித்தான் நின்றார்கள். என் மகளுக்கு அப்போது 9 வயது. "நம்ம வண்டிய யாரும் பாக்கலப்பா" என்றாள். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

க்விட் 2015 செப்டம்பரில் 2.57 லட்சத்தில் ஆரம்பித்தது. ரெடி-கோ 2016 ஜூனில் 2.39 லட்சத்தில் வந்தது. க்விட் ஒரே வருடத்தில் லட்சம் வண்டியைத் தாண்டியது. டட்சன் 2022 ஏப்ரலில் கதவைச் சாத்தியது. உடம்பு ஒன்று, விலையும் நம்முடையதுதான் குறைவு. அப்படியானால் பெயரில்தான் கோளாறா? என்ன கோளாறு?

நாமக்கல் லாரிப்பட்டறை

வாசு சார், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பாதுகாப்புதான் காரணம். இங்கே டட்சனின் முதல் வண்டியான கோ 2014 மார்ச்சில் வந்தது. அதே வருடம் நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ஜியம் நட்சத்திரம். வண்டிக் கூடே நிலையாக இல்லை என்று அறிக்கை சொன்னது. அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, இந்தியாவில் இந்தக் காரை விற்பதை நிறுத்துங்கள் என்று நிஸான் தலைவர் கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு குடும்பத்தை ஏற்றிப் போக யார் வாங்குவார்கள்?

செங்கை மலர்

மேலே எழுதிய அண்ணனுக்கு ஒரு கேள்வி. அதே 2014 ஜனவரியில் ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ எல்லாம் பூஜ்ஜியம் வாங்கினவே? நவம்பரில் டட்சன் கோவோடு சேர்ந்து ஸ்விஃப்ட்டும் பூஜ்ஜியம்தானே? அவற்றின் விற்பனை படுக்கவில்லையே. க்விட்கூட 2016-இல் முதலில் பூஜ்ஜியம்தான் வாங்கியது.

நாமக்கல் லாரிப்பட்டறை

சரிதான் சகோதரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆல்டோவுக்குப் பூஜ்ஜியம் என்று செய்தி வந்தபோது, படித்தவனுக்கு ஆல்டோவை ஏற்கனவே தெரியும். மாமா வீட்டில் ஒன்று, எதிர் வீட்டில் ஒன்று நிற்கிறது. பத்து வருடம் ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். செய்தி ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். பழக்கம் ஜெயித்தது.

டட்சனுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. நிறையப் பேர் அந்தப் பெயரைக் கேட்டதே அந்தச் செய்தியில்தான். புது மருமகள் வீட்டுக்குள் கால் வைத்த முதல் நாளே பால் பாத்திரம் கவிழ்ந்தால் ஆயுசுக்கும் அதைத்தான் பேசுவார்கள். அந்த மாதிரி ஆகிவிட்டது.

பாளை அண்ணாச்சி

நான் பதினாறு வருடம் சின்னக் கார் விற்றவன். இரண்டு மூன்று கம்பெனி மாறியிருக்கிறேன், டட்சன் மட்டும் விற்றதில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் நிறைய. அவர்கள் பேசியதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் கார் வாங்க யாரும் தனியாக வருவதில்லை. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், ஒரு பாட்டி, "வண்டி தெரிந்த" மச்சான் ஒருத்தர். ஆறு பேர் வந்தால் முடிவெடுக்கிறது அந்த மச்சான் மாதிரி தெரியும். உண்மையில் முடிவெடுக்கிறது பாட்டியும் பிள்ளைகளும். பாட்டி காலைத் தூக்கி வைத்து ஏறிப் பார்ப்பார். பிள்ளைகள் நேரே திரையைத் தொடுவார்கள். க்விட்டின் உயர்ந்த மாடலில் 7 அங்குல டச் ஸ்கிரீன் இருந்தது. ஸ்பீடோமீட்டர் டிஜிட்டல். அந்த விலையில் அன்றைக்கு வேறு யாரிடமும் அது கிடையாது. டிக்கி 300 லிட்டர், ரெடி-கோவில் 222. நீளத்திலும் க்விட் ஒரு சாண் கூட. ஆகவே "உடம்பு ஒன்று" என்று வாசு சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். எலும்பு ஒன்று, உடம்பு வேறு.

ஆனால் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் பெரிய விஷயம். 2012-இல் டஸ்டர் வந்ததும் ரெனால்ட்டுக்கு ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. கான்ட்ராக்டர் வைத்திருப்பார், டாக்டர் வைத்திருப்பார். க்விட் வந்தபோது முகத்தைப் பார்த்தவுடனே ஜனம் "குட்டி டஸ்டர்" என்றது. பெரிய அண்ணன் ஊரில் நல்ல பெயர் எடுத்த வீட்டுக் கடைசித் தம்பி அது.

டட்சன் அப்படி இல்லை. நிஸான் ஷோரூமுக்குள்ளேயே விற்றார்கள், ஆனால் நிஸான் பெயரைக் கொடுக்கவில்லை. வாங்க வந்தவர் மனதில் என்ன ஓடும்? "ஒரே கூரை, ஒரே சிப்பந்தி. அந்தப் பக்கம் நிற்கிற வண்டிக்கு ஒரு பெயர், எனக்கு மட்டும் வேறு பெயரா?" கல்யாண வீட்டில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரித்து உட்கார வைக்கிற மாதிரிதான். சாப்பாடு ஒன்றாகவே இருக்கட்டும், உட்கார்ந்தவருக்கு வலிக்கும். அவர் எங்களிடம் வந்து விலை கூடினாலும் பரவாயில்லை என்று வேறு வண்டி எடுத்துப் போனார். ஒருத்தர் இல்லை, பல பேர்.

பாரிஸ் புறநகர் ரவி

அண்ணை, உங்கடை "இரண்டாம் பந்தி" கதை என்னை நிறைய யோசிக்க வைத்தது. நான் இருபது வருடமாகப் பிரான்சில் இருக்கிறன். இங்கே அதே ரெனோ (நீங்கள் சொல்கிற ரெனால்ட்) கொம்பனி அதே வேலையைச் செய்து வென்றிருக்குது. டாசியா என்று வேறு பெயர், அதே ரெனோ காட்சியறைக்குள் விற்பனை, விலை குறைவு. ஆனால் ஒருத்தரும் வெட்கப்படவில்லை.

டாசியா முதலில் ருமேனியாவின் அரசுக் கொம்பனியாக இருந்தது. 1968 இல் ரெனோ 8 ஐ உரிமம் எடுத்துச் செய்தார்கள், அடுத்த வருடம் ரெனோ 12 ஐ. அந்த இரண்டாவது வாகனத்தை உடுப்பை மாற்றி மாற்றி 2004 வரைக்கும் செய்தார்கள். 1999 இல் ரெனோ அந்தக் கொம்பனியை வாங்கியது. 2004 இல் 5000 யூரோ இலக்கு வைத்து லோகன் வந்தது. அது கிழக்கு ஐரோப்பா மாதிரி நாடுகளுக்கென்று செய்த வாகனம், பிரான்சில் விற்கிற எண்ணம் இருக்கவில்லை. இங்கத்தைய சனம்தான் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு 2005 இல் கொண்டுவர வைத்தது. லோகனைப் பார்த்தால் எங்கே காசு மிச்சம் பிடித்தார்கள் என்று விளங்கும். இடது வலது இரண்டு பக்கக் கண்ணாடிக் கூடும் ஒரே அச்சு. டாஷ்போர்ட் ஒரே வார்ப்பு.

இப்ப என்னிடம் இருக்கிறது டாசியாவின் சாண்டெரோ, எரிவாயுவிலும் ஓடும். 2017 இலிருந்து ஐரோப்பாவில் தனியாட்கள் தங்கள் சொந்தக் காசில் வாங்குகிற வாகனங்களில் சாண்டெரோதான் முதலிடம். 2021 இல் யூரோ என்கேப் அதுக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தது. அதுவும் அதைத் தடுக்கவில்லை.

எனக்கு ஆச்சரியமான விசயம் இதுதான். சாண்டெரோவின் அடிப்படை மாடலில் திரை கிடையாது. கைப்பேசியைக் கொளுவ ஒரு தாங்கி இருக்கும், அதுதான் உங்கள் திரை. இங்கே சனம் அதைக் கெட்டித்தனம் என்று மெச்சுது. 2014 டட்சன் கோவிலும் இதே கைப்பேசித் தாங்கிதானே இருந்தது? அதை அங்கே எப்படிப் பார்த்தார்கள்?

பாளை அண்ணாச்சி

ரவி தம்பி, "பாட்டுப் பெட்டி கூட வைக்காத கார்" என்றுதான் பார்த்தார்கள். போதாததற்கு கியர் கம்பியை டாஷ்போர்டில் வைத்து, முன் சீட் இரண்டையும் ஒட்டிப் பெஞ்சு மாதிரி போட்டிருந்தார்கள். இடம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பார்த்தவருக்கு ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது.

செங்கை மலர்

ரவி அண்ணா கேட்ட கேள்விதான் இந்த இழையின் உயிர் என்று நினைக்கிறேன். நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பிரான்சில் சாண்டெரோ வாங்குகிறவர் வாழ்க்கையில் அதற்கு முன் இரண்டு மூன்று கார் வைத்திருந்திருப்பார். அவர் அப்பாவிடமும் கார் இருந்திருக்கும். கார் அவருக்கு ஒரு சாமான். "எனக்கு இவ்வளவு போதும்" என்று அவர் சொன்னால், நிறைய இருந்தும் குறைவாக எடுத்துக்கொண்டவர் என்று ஊர் மதிக்கும். அது அவர் தேர்வு.

எங்கள் வீட்டில் முதல் கார் 2016-இல் வந்தது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரே பைக்கில் நான்கு பேர். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் நிற்போம். என் மாமியார் விசேஷ வீடுகளுக்கு வரவே மாட்டார், பஸ் ஏறி இறங்க முடியாது என்று. ஐந்து வருடத் தவணையில் கார் எடுக்கிறோம் என்றால் அது சாமான் இல்லை. இவ்வளவு நாள் பட்டதற்கெல்லாம் கிடைத்த பதில். அந்த இடத்தில் கம்பெனி வந்து "உங்களுக்கு இவ்வளவு போதும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? போதும் என்று நான் சொல்லலாம். விற்கிறவர் சொல்லக்கூடாது.

நாங்களும் ரெடி-கோவைப் பார்த்தோம். எனக்கு அந்த எலுமிச்சைப் பச்சை நிறம் மிகவும் பிடித்திருந்தது. உட்கார உயரமாக, சுற்றிலும் நன்றாகத் தெரிந்தது. வீட்டில் பேச்சு வந்தபோது நாத்தனார் "டட்சனா? அது எந்த ஊர் கம்பெனி?" என்றார். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அவ்வளவுதான், ஆல்டோ வாங்கிவிட்டோம். அந்த ஒரு நிமிடம் யாராவது பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை பச்சை ரெடி-கோதான் எங்கள் வாசலில் நின்றிருக்கும்.

யாழ் நூலகன்

மலர் அக்காவின்ரை நாத்தனார் கேட்ட கேள்விக்கு இப்ப பதில் சொல்லலாம். 1931 இல் யப்பானில் ஒரு சின்ன வாகனம் செய்தார்கள். அதுக்கு முன்னமே அந்தக் கொம்பனி டாட் என்ற பெயரில் வாகனம் செய்திருந்தது. டென், அஓயாமா, தகேயுச்சி என்று முதல் போட்ட மூன்று பேரின் முதலெழுத்து அது. டாட்டின் மகன் என்ற அர்த்தத்தில் புதுசுக்கு டாட்சன் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் "சொன்" என்றால் யப்பான் மொழியில் நட்டம். அதனாலை மகனைக் குறிக்கிற ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு, சூரியனைக் குறிக்கிற எழுத்துகளைப் போட்டார்கள். உச்சரிப்பில் பெரிசாக வித்தியாசம் இல்லை.

எங்கடை ஊரில் டட்சன் என்றால் மதிப்பான பெயர். என்ரை சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் டட்சன் சன்னி வைத்திருந்தவர் வசதியான ஆள். அமெரிக்காவில் டட்சன் 240இசட் என்றால் இன்றைக்கும் பழைய கார்ப் பிரியர்கள் உயிரை விடுவார்கள். அப்படிப்பட்ட பெயரை 1981 இல் நிஸான்காரரே எடுக்க முடிவு செய்து, சில வருடத்தில் உலகம் முழுக்க நிஸான் என்று மாற்றினார்கள். முப்பது வருடம் கழித்து, 2012 மார்ச்சில் ஜகார்த்தாவில் வைத்து கோன் அந்தப் பெயரைத் திருப்பி எடுத்தார்.

இதில் எனக்குப் படுகிற பிழை ஒன்று. டட்சன் கொடி கட்டிப் பறந்த காலத்தில் இந்தியாவுக்குள் வெளிநாட்டுக் கார் வருவதே அரிது. அம்பாசடர், பத்மினி காலம். அதனாலை இந்தியச் சனத்துக்கு அந்தப் பெயரில் ஒரு ஞாபகமும் இல்லை. வேறை ஆட்களின் ஞாபகத்தை நம்பி இங்கே கடை திறந்தார்கள். அதிலும், ஞாபகம் இருந்த எங்கள் மாதிரி ஆட்களுக்கு டட்சன் மலிவு வாகனம் இல்லை, நல்ல வாகனம். அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஆகக் கீழ் விலையில் ஒட்டினதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கோவை மில் ரோடு

நானோவை யாரும் சொல்லவில்லையே. 2009-இல் வந்தது. உள்ளே இடம் என்றால் அப்படி ஒரு இடம், என் உயரத்துக்குத் தலை இடிக்காது. "ஒரு லட்ச ரூபாய் கார்" என்று ஆரம்பத்தில் ஒட்டின முத்திரை கடைசிவரை போகவில்லை. மலிவான கார் என்று அதற்குப் பெயர் விழுந்ததும், கம்பெனியே அப்படி விளம்பரம் செய்ததும் தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் பேட்டியில் வருத்தப்பட்டார். நிஸான்காரர்கள் அதைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டேதான் டட்சனைக் கொண்டுவந்தார்கள். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நாமக்கல் லாரிப்பட்டறை

இதற்கு நேர் எதிர், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த சான்ட்ரோ. ஹூண்டாய் என்ற பெயரை அப்போது இங்கே யாருக்குத் தெரியும்? ஷாருக் கானை வைத்தே "யார் இந்த ஹூண்டாய்" என்று விளம்பரத்தில் கேட்க வைத்தார்கள். ஜனம் மனதில் இருந்த கேள்வியைத் தாங்களே எடுத்துக் கேட்டுப் பதிலும் சொன்னார்கள். மலர் சகோதரி வீட்டு நாத்தனார் கேட்டது அதே கேள்விதான்.

மறைமலைநகர் வெல்டர்

நான் ஒரகடம் பக்கம் உதிரி பாகம் செய்கிற சின்ன யூனிட்டில் இருந்தேன். எங்கள் சரக்கு இரண்டு வண்டிக்கும் போனது. ஒரே டிரே, ஒரே அளவு, ஒரே சோதனை.

ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெரார்ட் டெதூர்பே. ரவி அண்ணன் சொன்ன லோகன் பின்னால் இருந்த அதே மனிதர். சென்னையிலேயே உட்கார்ந்து இந்த சிஎம்எஃப்-ஏ தளத்தை உண்டாக்கினார். க்விட்டில் 98 சதவீதம் உள்ளூர்ச் சரக்கு என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த 98-க்குள் எங்கள் மாதிரி எத்தனையோ சின்ன ஷெட் இருக்கிறது. அவர் 2019 கடைசியில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டபோது நாங்கள் கொஞ்ச நேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒன்று. அந்தத் தளத்தில் வந்த க்விட்தான் மின்சார வண்டியாக மாறி, சீனாவில் செய்து, டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் 2021-இல் ஐரோப்பாவுக்குப் போனது. நம் ஊரில் பிறந்த வண்டி அங்கே டாசியா. ருமேனியாவின் டாசியா டஸ்டர் இங்கே ரெனால்ட், அதுவும் டாக்டர் ஓட்டுகிற வண்டி.

பாரிஸ் புறநகர் ரவி

வெல்டர் தம்பி சொன்னதை மலர் அக்கா எழுதினதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று பிடிபடுது. ரெனோ இந்தியாவுக்கு டாசியா என்ற பெயரைக் கொண்டுவரவே இல்லை. மூளையுள்ள முடிவு. எந்த ஊரில் மலிவுக்குத் தனிப் பெயர் வைக்கலாம், எந்த ஊரில் வைக்கக்கூடாது என்று அவர்களுக்கு விளங்கியிருக்குது. நிஸான்காரர் இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா எல்லாத்துக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள்.

இங்கேயும் டாசியா சும்மா மலிவு மட்டும் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. 2021 இல் இலச்சினையை மாற்றினார்கள், பிறகு பளபளக்கிற குரோம் எல்லாத்தையும் கழற்றினார்கள். கூடாரம், மலை, மண் பாதை என்று விளம்பரம். 2025 ஜனவரியில் டாக்கர் பாலைவனக் கார்ப் பந்தயத்துக்கே போனார்கள். மலிவு என்ற சொல் பின்னுக்குப் போய், "தேவையானது மட்டும்" என்ற எண்ணம் முன்னுக்கு வந்துட்டுது. ஆனால் அதுக்கு முதல் பதினைந்து வருடம் வாகனம் ஓடி நம்பிக்கையைச் சம்பாதிச்சிருந்தது. டட்சன் எட்டு வருடத்தில் கடையைப் பூட்டிப் போட்டுது.

பாளை அண்ணாச்சி

டட்சன் விளம்பரத்தில் தங்கள் வாடிக்கையாளரை "உயர்ந்து வருகிறவர்கள்" என்று சொல்வார்கள். சொல் நல்ல சொல். டாட் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கும் கனவு, எட்டும் தூரம், நம்பிக்கை என்று புது விளக்கம் கொடுத்தார்கள். உயர்ந்து வருகிறவன் எதைக் கேட்பான்? மேலே இருக்கிறவன் பெயரைக் கேட்பான். 2020 டிசம்பரில் வந்த மேக்னைட்டைப் பாருங்கள். அதே ஒரகடம், விலையைக் குறைத்தே ஆரம்பித்தார்கள், ஆனால் மூக்கில் நிஸான் என்று இருந்தது. வாங்கினார்கள். முதலிலேயே அந்த கோ வண்டியையும் ரெடி-கோவையும் நிஸான் பெயரில் விட்டிருந்தால் வாசு மகள் அன்றைக்கு அழுதிருக்க மாட்டாள்.

ஒரகடம் வாசு

அழவில்லை அண்ணாச்சி, சொல்லத்தான் செய்தாள். ஆனால் அழுதமாதிரிதான் எனக்கு இருந்தது.

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மலர் சகோதரி எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நாங்களும் பைக்கில் இருந்து வந்தவர்கள்தான். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எங்களிடம் இருந்த பணத்துக்குக் க்விட்டின் அந்த டச் ஸ்கிரீன் மாடல் எட்டவில்லை. ரெடி-கோ எட்டியது. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். என் அம்மாவை டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை காஞ்சிபுரம் கூட்டிப்போனது அந்த வண்டிதான். அந்த வண்டிக்கு நல்ல பெயரைக் கொடுத்திருக்கலாமே என்கிற ஆதங்கத்தில்தான் இந்த இழையே தொடங்கினேன். யாழ் நூலகன் ஐயா எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் ஒரு காலத்தில் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

மகளுக்கு இப்போது 18 ஆகப்போகிறது. எல்.எல்.ஆர். போட்டதும் இதில்தான் பழகுவேன் என்கிறாள். கிளட்ச் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, பழகுவதற்கு முன் மாற்ற வேண்டும். பாகம் கிடைக்குமா? வெல்டர் தம்பிக்குத் தெரிந்தால் சொல்லவும்.

மறைமலைநகர் வெல்டர்

பயப்படாதீர்கள் வாசு அண்ணா. டட்சன் நின்றாலும் சர்வீஸும் பாகமும் தொடரும் என்று 2022-லேயே நிஸான் அறிவித்தது. எஞ்சினும் க்விட் எஞ்சின்தான். முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள், நிறைய வண்டியில் இறுக்கம் அங்கேதான் இருக்கும். கேபிள் சரியாக இருந்தால் மட்டும் பிளேட்டில் கை வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை படப்பைப் பக்கம் வருகிறேன், வேண்டுமானால் ஒரு நடை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.